நீலம் பூசிய சுவர்

கேப்டன்,

போன வியாழக்கிழமை உன் நினைவுநாள். விடிந்ததும் விடியாததுமாக நம் கபடி டீமின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. கடலைப் பார்த்து நிற்கும், உப்பு மூட்டை அடுக்குகிற அந்தப் பழைய கிட்டங்கியின் சுவர். சுவர் முழுக்க நீலம். நீலத்துக்குள் மீன்கள், ஆமை, வாய் பிளந்த ஒரு முத்துச்சிப்பி. முன்னால் நாம் ஏழு பேர், முழங்கை வரை பெயிண்டோடு, ஏதோ கோப்பை வாங்கியவர்களைப் போல நிற்கிறோம். நடுவில் நீ, கண்ணை மூடியிருக்கிறாய். எந்தப் படத்தில்தான் நீ கண்ணைத் திறந்திருக்கிறாய்? கீழே நம் ரெய்டர் எழுதியிருந்தாள்: "கேப்டன் வாழ்க்கையில செஞ்ச ஒரே தப்பு. அதையும் முப்பதடி நீளத்துக்குச் செஞ்சா பாரு!" அதற்குச் சிரிப்பும் அழுகையுமாக வரிசையாகப் பதில்கள்.

நான் பள்ளிக்கூட டிபனைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் என் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. எதையும் விடமாட்டாள்.

"அம்மா, இந்த மீனுக்கு இமைமுடி இருக்கு. நீதான இப்படிப் போடுவ?"

"ஆமா, மீன் நான் போட்டதுதான்."

"செவரு யாரோடது?"

"ஒரு ஊர்க்காரங்களோடது."

"கேட்டுட்டா போட்ட? கேக்காம செவத்துல போடக்கூடாதுன்னு என்னைய அடிச்சியே!"

நான் தட்டுத் தடுமாறி, "அது... கேப்டன் ஆன்ட்டிதான் போடச் சொன்னாங்க" என்றேன். அவள் சமாதானமாகி ஷூ மாட்டப் போய்விட்டாள். எனக்குத்தான் டிபன் டப்பாவின் மூடி பொருந்தவில்லை.

பத்து வருஷமாக எல்லாரும் சொல்லும் கதையைத்தான் நானும் சொன்னேன். அது உண்மையில்லை என்று நம் டீமில் தெரிந்த ஒரே ஆள் நான் என்று ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் காய்ச்சலில் நீ போனபோதும் வரவில்லை. தூத்துக்குடியிலிருந்து உன் ஊருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இளையவனுக்கு நாலு மாசம், அவனுக்கும் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். காய்ச்சலில் போனவள் வீட்டுக்குப் போனால் காய்ச்சல் வரும் என்று படித்த ஒருத்தி நம்புவாளா? நம்பினேன். ஆக, இது ரொம்பத் தாமதமான கடிதம். நம் கல்லூரி மேடம் பாஷையில் சொன்னால், அபராதத்தோடு வாங்க வேண்டிய அசைன்மென்ட்.

உனக்கு என் பயம் புதிதில்லை. கல்லூரியில் கபடி டீமுக்கு ஆள் எடுத்த அன்று, வகுப்புக்குக் குறுக்கு வழி என்று மைதானத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவள் நான். ஆறு பேர்தான் தேறினார்கள், ஏழாவது ஆள் இல்லை. நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏட்டி, இங்க வா. ஒன் பேரென்ன, வேண்டாம், ஒங்க அப்பா என்ன செய்யுதாங்க?" என்று கேட்டாய். பலசரக்குக் கடை என்றேன். "அப்போ மூட்டை தூக்குன ரத்தம். பலசரக்கு, நீ எனக்கு அடுத்தாப்ல நில்லு" என்றாய். நான் வாழ்க்கையில் ஒரு பருப்பு மூட்டையைக்கூடத் தொட்டதில்லை. அன்றிலிருந்து மூன்று வருஷம் என் பேர் பலசரக்கு.

ஓரத்தில், கார்னரில் நீ, உனக்கு அடுத்து நான். எதிராளி கபடி கபடி என்று பாடிக்கொண்டு உள்ளே வரும்போது நீ என் மணிக்கட்டைப் பிடித்திருப்பாய். அந்தப் பிடியில் வளையல் உடைந்ததும் உண்டு. "பயந்தாப் பயந்துக்கோ. கையை மட்டும் விட்றாத" என்பாய். பயப்படாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள், அதைக் கேட்டாலே எனக்கு இன்னும் பயம் வரும். பயந்துகொள்ள அனுமதி தந்த முதல் ஆள் நீதான்.

பயிற்சியில் நமக்கு நடுவர் கிடையாது. அதனால் நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். தொடுபட்டவள் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். பின்னல் நுனியில் பட்டாலும் சரி, சட்டை நுனியில் பட்டாலும் சரி. நான் பலமுறை தூக்காமல் நின்றிருக்கிறேன். நீ கண்டுபிடித்துக் கத்தியதில்லை. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, "பலசரக்கு, ஒனக்குப் பட்டது ஒனக்குத் தெரியும்லா" என்று மட்டும் கேட்பாய். அதற்குக் கத்தியிருக்கலாம்.

இரண்டாம் வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பேர் கொடுக்கச் சொன்னார்கள். தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர், ஏழு நாள். யாருக்கும் விருப்பமில்லை. நீ ஏழு பேரின் பெயரையும் நீயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். மேடம் உன்னைச் சேவை மனப்பான்மை உள்ளவள் என்று வகுப்பில் பாராட்டினார்கள். வெளியே வந்ததும் நீ சொன்னது இது: "கடக்கர மணல்ல ஏழு நாள் ஓடுனா கால் இரும்பாயிரும்ட்டி. அடுத்த மாசம் டோர்னமென்ட் இருக்குல்லா. சேவையும் பண்ணிருவோம், என்ன இப்போ?" நீ தொடங்கியது அங்கேதான். அதை மறைத்து உன்னை ஒரு புனிதவதியாக எழுதினால் மேலே இருந்து செருப்பை விட்டெறிவாய். அதுவும் என் செருப்பாகத்தான் இருக்கும். வாங்கிப் போட்டுக்கொண்டு திருப்பித் தராதவை மூன்று ஜோடி.

விடியற்காலையில் மணலில் ஓட்டம், பிறகு வாய்க்கால் சுத்தம், பிள்ளைகளுக்குப் பாடம், மருத்துவ முகாமுக்கு வீடு வீடாகச் சொல்வது. மீன் கழுவுகிற இடத்தில் உனக்கு முதல் நாள் குமட்டியது. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரி, கடலையே அன்றுதான் அருகில் பார்க்கிறாய். நான் துறைமுக ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் எனக்குக் கடல் என்றால் மாலையில் சுண்டல் வாங்கித் தின்கிற இடம். அதன் மேல் பிழைப்பவர்களைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். ஆனால் நான் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள், படகுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயிண்ட் இரண்டு டப்பா கிடைத்தது. அந்தக் கிட்டங்கிச் சுவரில் கடல் வரையலாம் என்று சொன்னது நான். வெள்ளையடித்து, மழையில் கறுத்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. நீ உடனே, "ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு வா" என்றாய்.

நான் போனேன். ஆண்கள் எல்லாரும் கடலில். சுவருக்குப் பக்கத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தது பிலோமினா அக்கா மட்டும்தான். கேட்டேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏளா, அது வெள்ளையாத்தான் கெடக்கணும். எங்க வீட்டு ஆளு சாயந்தரம் வாராக, அவுககிட்ட கேட்டுட்டுத் தொடுங்க" என்றார்கள்.

சரிக்கா என்றேன். திரும்பி வந்தால் நீங்கள் பெயிண்டைக் கலக்கி முடித்திருந்தீர்கள். ஊர்ப்பிள்ளைகள் இருபது பேர் துடைப்பக் குச்சியைப் பிரஷ் மாதிரி பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அத்தனை முகமும் என்னையே பார்த்தது. ஒரு அழுக்குச் சுவர் வெள்ளையாகவே கிடக்க வேண்டும் என்று சொல்கிற அக்காவுக்கு அழகு என்றால் என்ன தெரியும் என்று ஒரு நினைப்பும் உள்ளே ஓடியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"கேட்டியா?" என்றாய்.

"கேட்டுட்டேன்" என்றேன்.

பொய் ஒன்றும் இல்லையே, கேட்டுவிட்டுத்தானே வந்தேன்? இப்படித்தான் பத்து வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா கருவாடு விற்கச் சந்தைக்குப் போய்த் திரும்பும்முன் சுவர் நீலமாகிவிட்டது. சாயங்காலம் படம் எடுத்துக்கொண்டோம். நீ கண்ணை மூடினாய். எல்லாப் படகும் வந்து சேர்ந்தன, பிலோமினா அக்கா வீட்டுக்காரர் சூசை மாமாவின் படகைத் தவிர. அவர் நண்டு வலையை எடுக்கத் தனியாகப் போனவர். இருட்டத் தொடங்கும் நேரத்தில் கடலில் தூரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. ஊரே கரைக்கு ஓடியது. இரண்டு படகு போய் அவரைக் கட்டி இழுத்து வந்தார்கள். படகின் அடிப்பக்கம் பிளந்து, புரொப்பெல்லர் உடைந்து, மாமாவின் வலது தோள் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் நீளமாகப் பாறைத்திட்டு கிடக்கிறது. பார் என்பார்கள். அதன் நடுவில் ஒரே ஓர் இடத்தில்தான் படகு நுழையும் வழி. கோயில் சிலுவையும் கிட்டங்கியின் வெள்ளைச் சுவரும் ஒரே நேராக வரும் இடம் எதுவோ, அதுதான் வழி. மங்கின வெளிச்சத்தில் வெள்ளைதான் கடைசிவரை கண்ணுக்குத் தெரியும். நாம் கடலோரத்தில் கடலின் நிறத்தைப் பூசிச் சுவரையே இல்லாமல் ஆக்கியிருந்தோம்.

மாமா நேரே கிட்டங்கிக்கு வந்து நின்றார். "எவளா இதச் செஞ்சது?" என்று கேட்டார். சத்தம் போடக்கூட இல்லை.

என் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் பிலோமினா அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. வெறுமனே பார்த்தார்கள், நான் சொல்வதற்காக.

நீ கையைத் தூக்கினாய். மைதானத்தில் தூக்குகிற அதே தூக்கு. "நான்தான் மாமா. நான்தான் கேப்டன்."

"கேப்டனா? எந்தக் கப்பலுக்கு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"கப்பலுக்குக் கேப்டனா இருந்தா வெள்ளச் செவரு எதுக்குன்னு தெரிஞ்சிருக்குமேளா" என்றார் மாமா.

"தெரியல மாமா. தெரியாமத்தான் செஞ்சோம். கேட்டுச் செய்யணும்னு தெரியும், கேட்டும் செய்தது தப்பாப் போச்சு. வெள்ளையாக்கித் தராம ஊருக்குப் போவமாட்டோம்."

'கேட்டும்' என்று சொன்னாயே, அந்தச் சொல் என் காதில் இன்னும் இருக்கிறது. என்னை நம்பிச் சொன்ன சொல்.

மறுநாள் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி அடித்தோம். மத்தியான வெயிலில் அது காய்ந்து, பொரிப்பொரியாக உரிந்து விழுந்து, உள்ளே இருந்து நீலம் இளித்தது. எண்ணெய்ப் பெயிண்ட் மேல் சுண்ணாம்பு ஒட்டாது என்பதும் நமக்குத் தெரியாது! தோளில் கட்டோடு வந்து பார்த்த சூசை மாமா முதல் தடவையாகச் சிரித்தார். "காலேசுல இதயுமா சொல்லித்தரல? சொறண்டுங்களா, சொறண்டுங்க." கொத்தனார் கரண்டி, உடைந்த ஓடு, தேங்காய் மட்டை, கிடைத்ததையெல்லாம் வைத்து மீதி நாள் முழுக்கச் சுரண்டினோம். ஓட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஏணியின் மேல்படியில் நீ, கீழே நான். மேலேயிருந்து நீலப் பொடி என் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தது. நீ பாடிக்கொண்டே சுரண்டினாய். உன் பாட்டுக்குச் சுரண்டும் சத்தமே மேல். "ஏ, அந்தப் பாட்டை நிப்பாட்டச் சொல்லு, மீனு ஓடிரும்" என்று ஊர்ப் பெண்கள் கத்தினார்கள். மூன்றாம் நாள் அவர்களே கரண்டியோடு வந்து நின்றார்கள்.

முழுக்கப் போகவில்லை. செங்கல்லின் துளைகளுக்குள் நீலம் இறங்கிவிட்டது. மேலே மூன்று பூச்சு அடித்து, கடலில் இருந்து பார்த்தால் வெள்ளை தெரிகிறது என்று மாமா படகில் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நீ மூட்டையைக் கட்டினாய். நாம் கிளம்பும்போது மேடத்தின் முன்னால் மாமா உன்னிடம், "இது நிக்காது கேட்டியா. ஒரு மழைக்கு உதிர்ந்திரும்" என்றார். நீ தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் டோர்னமென்ட். அரையிறுதியில் கடைசி மூன்று நிமிஷம். எதிராளி ரெய்டர் திரும்பிப் போகும்போது அவளுடைய விரல் என் சட்டை நுனியில் பட்டது. நடுவர் அந்தப் பக்கம் நின்றார். பட்டது அவளுக்கே தெரியாது, கோட்டைத் தாண்டி வெறுங்கையோடு வந்தோமே என்ற முகத்தோடு நின்றாள். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று யோசிக்கவே இல்லை. நேரே வெளியே போய் உட்கார்ந்தேன். இரண்டு புள்ளியில் தோற்றோம், அதில் ஒன்று என்னுடையது.

நீ வந்து, "காலை ஏன்ட்டி அப்படி நீட்டிட்டு நிக்க? பின்னுக்கு வையின்னு நூறு தடவ சொல்லியாச்சு, மூதி!" என்று எல்லார் முன்னாலும் திட்டினாய். கையைத் தூக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊருக்குத் திரும்பும் வழியில், கடையில் உன் தட்டில் இருந்த பரோட்டாவில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாய். நீ பரோட்டாவை யாருக்கும் கொடுத்ததாக வரலாறு இல்லை. அந்தப் பாதிப் பரோட்டாவோடு சுவர்க் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். புள்ளி போனது டீமுக்கு. பேர் போனது உனக்கு. இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தும் தெரியாதவள்போல் இருந்துவிட்டேன்.

பிறகு நீ உன் ஊர்ப்பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாய். நான் கல்யாணம், பிள்ளை என்று ஆனேன். நாம் கூடும்போதெல்லாம் நீலச் சுவர் கதை வரும். "நம்ம கேப்டன் ஒரு ஊரையே கடல்ல தொலைச்சவ" என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நானும் சிரிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அவளுக்குத் தொப்பி, தண்ணீர், ஜன்னல் ஓரம் உட்காராதே, கையை வெளியே நீட்டாதே. என்னைப் பார்த்திருந்தால் நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

சுவர் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைதான், ஆனால் மேல்பாதியில் பாளம் பாளமாக உரிந்து நீலம் தெரிந்தது. பிலோமினா அக்காவுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "வாளா, கபடிக்காரி" என்றார்கள். சூசை மாமா கட்டிலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "அக்கா, அன்னைக்கு வெள்ளையாத்தான் கெடக்கணும்னு நீங்க சொன்னது என்கிட்டதான். நான் கேப்டன்கிட்ட மறைச்சிட்டேன். அவளுக்குத் தெரியாது. தப்பு என்னோடது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். பாடி வருகிற மூச்சு மாதிரி.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார்கள். "ஏளா, எனக்கு மூஞ்சி மறக்குமா? நான் அன்னைக்கே பாத்துட்டுத்தான நின்னேன். நீ சொல்லுவ சொல்லுவன்னு இருந்தேன்."

"மாமாவுக்கு?"

"அந்த வாரமே சொல்லிட்டா" என்றார் மாமா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்போ உங்களுக்கெல்லாம் தெரியும்ங்கிறது எனக்கு மட்டும்தான்..."

"ஒன் கேப்டனுக்கும் தெரியும்ளா" என்றார்கள் அக்கா.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு அக்கா சொன்னதை நான் இங்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது உனக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே போயிருக்கிறாய். தனியாக, சில வருஷம் உன் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரோடு. உரிந்த இடத்தைச் சுரண்டி, இரண்டு பூச்சு அடித்துவிட்டு, மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸில் போயிருக்கிறாய். மீன் நாற்றத்தில் குமட்டியவள்! எங்களில் ஒருத்தியிடமும் சொல்லவில்லை. முகாம் சான்றிதழ் எல்லாருக்கும் ஏழு நாளுக்குத்தான் கொடுத்தார்கள். நீ மட்டும் முகாமை முடிக்கவே இல்லை.

மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, நீ அக்காவிடம் பேச்சுவாக்கில், "அன்னைக்கு யாருக்கா எங்களுக்குச் சரின்னு சொன்னது?" என்று கேட்டிருக்கிறாய். யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்று அக்கா நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. ஏணில ஏறுனவ எறங்கவே இல்ல. சோத்துக்குக் கூப்பிட்டேன், வரல. செவத்தப் பேத்து எடுக்க மாதிரி சொறண்டுனா. நல்ல கோவம். சாயந்தரம் எறங்கி வந்து கைகழுவிட்டு, 'யக்கா, அவ எப்பவாச்சும் இங்கன வந்தா இதக் கேட்றாதீக. புள்ளத்தாச்சியா இருக்கா. சும்மாவே பயந்து சாவா'ன்னுட்டுப் போனா."

மகள் அப்போது என் வயிற்றில் ஏழு மாசம். அடுத்த வாரமே நீ ஒரு பை மாங்காயோடு என் வீட்டுக்கு வந்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்து மாங்காயை நீயே நறுக்கி உப்பு போட்டாய். பிறகு, "பலசரக்கு, எங்கிட்ட ஏதும் சொல்லணுமா?" என்றாய். நான், "மாங்காய் புளிப்பு பத்தல" என்றேன். நீ என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "அடுத்த தடவ நல்ல புளிப்பாக் கொண்டாரேன்" என்றாய். கொண்டுவந்தாய். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நீதான். கோபத்தை நீ எங்கே வைத்தாய்? சுவரில் வைத்துவிட்டு வந்துவிட்டாய் போலிருக்கிறது.

உன்னைப் பெரிய மனசுக்காரி என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அந்தச் சொல் போதாது. பெரிய மனசு உள்ளவர்கள் மன்னித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். நீ கோபப்பட்டாய், சாப்பிடாமல் இருந்தாய், அப்புறமும் என் தப்புக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தாய். அதையும் யாருக்கும் தெரியாமல். கால் இரும்பாக வேண்டும் என்று மணலுக்கு வந்தவள், எப்போது இப்படி ஆனாய்? கூடவே இருந்தும் நான் பார்க்கவில்லையே.

"இப்பம்லாம் ஜிபிஎஸ் இருக்கு" என்றார் சூசை மாமா. "ஆனா பேட்டரி செத்துட்டா சாமியும் செவருந்தான். ரெண்டு வருசமா கீழ மட்டும் நான் அடிக்கேன். மேல கை தூக்க முடியல." வலது தோளைத் தொட்டுக் காட்டினார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை, மழை வரும் என்று சொல்லும் குரலில். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. பிறகு நிமிர்ந்து, "இந்த வருசம் யாரு வாரா?" என்றார்.

"நான் வாரேன் மாமா" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகளிடம் சொன்னேன். கேப்டன் ஆன்ட்டி போடச் சொல்லவில்லை, அந்த ஊர் அக்கா வேண்டாம் என்று சொன்ன பிறகும் அம்மாதான் போட்டேன், பிறகு மறைத்தேன் என்று.

"பொறவு ஏன் பொய் சொன்ன?"

"பயந்துட்டேன்."

"ஆன்ட்டிக்கா?"

"இல்ல. ஆன்ட்டிக்குப் பயப்படவே வேண்டாம்."

"அப்போ யாருக்கு?"

ஜன்னல் பக்கம் உட்கார்ந்துக்கோ என்று இடம் மாற்றிக் கொடுத்தேன். கையை வெளியே நீட்டாதே என்று சொல்ல வந்து, உப்பளத்தைத் தாண்டும்வரை சொல்லாமல் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

பயம் எங்கும் போய்விடவில்லை, கேப்டன். கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்க்கிறேன். பிள்ளைகள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறேன். கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, இப்போதே ஏணியின் படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நாலாவது படிக்கு மேல் ஏற வராது என்று உனக்குத் தெரியும். சுவரோ பதினைந்து அடி உயரம். மாமாவிடம் வாரேன் என்று சொல்லும்போது ஏணியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன், அதனால் அது நல்லதுதான்.

மேல்பாதிக்கு ஆள் வேண்டும். நம் டீமில் என்னைத் தவிர ஐந்து பேர். அவர்களுக்கு நீ எதற்கு அங்கே போனாய் என்பதும் தெரியாது, போனாய் என்பதும் தெரியாது. ஆகவே இதை முடித்ததும் குழுவில் அவர்களுக்கும் அனுப்பப் போகிறேன், ஒரு வரியையும் அடிக்காமல். முதலில் திட்டுவார்கள். ரெய்டர் இரண்டு நாள் என்னோடு பேசமாட்டாள். மூன்றாம் நாள் ஏணியை யார் கொண்டுவருவது என்று சண்டை வரும்.